பைதான் கன்சோல் நிரலை விண்டோஸ் எக்ஸி கோப்பாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

கட்டளைச் சாளரத்தில் ஓடும் ஒரு சிறு பைதான் நிரலை, பைதான் நிறுவப்படாத விண்டோஸ் கணினியிலும் இருமுறை சொடுக்கினால் ஓடும் எக்ஸி கோப்பாக ஆக்கும் வேலையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. பயன்படுத்தும் கருவி பைஇன்ஸ்டாலர். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அந்தக் கருவியின் கட்டளையில் அன்று; கட்டளையைத் தட்டுவதற்கு முன் நிரலுக்குள் செய்திருக்க வேண்டிய மாற்றங்களைச் செய்யாமல் விடுவதில்தான். ஆகவே முதல் நான்கு பகுதிகளில் எக்ஸி கோப்பு எதுவும் உருவாகாது. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள் எட்டாம் பகுதியிலிருந்து திரும்பி வர நேரிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு மளிகைக் கடையின் பில் நிரலை வைத்துக்கொள்வோம். முதன்மைக் கோப்பு பில்.பை. அது விலை.சிஎஸ்வி என்ற கோப்பிலிருந்து விலைகளைப் படிக்கிறது. பொருளையும் அளவையும் கேட்டுத் தொகையைக் காட்டுகிறது. ஒவ்வொரு பில்லையும் விற்பனை.சிஎஸ்வி கோப்பின் கடைசியில் சேர்க்கிறது, கேட்டால் உதவி.டிஎக்ஸ்டி கோப்பிலுள்ள குறிப்பைக் காட்டுகிறது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

1. தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

முதலாவது, எக்ஸி கோப்பை விண்டோஸ் கணினியிலேயே உருவாக்க வேண்டும். பைஇன்ஸ்டாலர் தான் ஓடும் இயங்குதளத்துக்கு மட்டுமே பொதி கட்டும். லினக்ஸிலோ மேக்கிலோ இருந்துகொண்டு விண்டோஸுக்கான கோப்பை அதனால் உருவாக்க இயலாது. அது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை என்பதே காரணம். உங்கள் கணினியிலுள்ள பைதான் இயக்கியையும், நிரலுக்குத் தேவையான மாட்யூல்களையும், அவை சார்ந்த டிஎல்எல் கோப்புகளையும் (விண்டோஸில் நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்புகள்) எடுத்து ஒன்றாகக் கட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. வேலைக்குப் போகிறவருக்குச் சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் டிஃபன் கேரியரில் அடுக்கிக் கொடுப்பது போன்றது இது. வீட்டில் இல்லாததை அடுக்க முடியாது.

இரண்டாவது, பெறுபவரின் கணினி எது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 64 பிட் பைதானில் கட்டிய பொதி 32 பிட் விண்டோஸில் ஓடாது. பைதான் 3.9 முதலான பதிப்புகள் விண்டோஸ் 7இல் இயங்குவதில்லை என்பதால், அவற்றைக் கொண்டு கட்டிய பொதியும் அங்கே இயங்காது. சிறு கடைகளில் பழைய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பொதியைக் கட்டி முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

மூன்றாவது, நிரல் கோப்பின் பெயர். சிஎஸ்வி.பை, கேலண்டர்.பை, ராண்டம்.பை என்று பைதானின் சொந்த மாட்யூல்களின் பெயரை உங்கள் கோப்புக்கு வைக்காதீர்கள். அந்த மாட்யூலை அழைக்கும்போது பைதான் உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும்; பொதிக்குள் இப்பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

2. தனிச் சூழல் ஒன்றை அமைத்தல்

நிரல் இருக்கும் கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பின்வரும் நான்கு கட்டளைகளையும் இதே வரிசையில் கொடுங்கள்:

பைதான் -எம் வென்வ் சூழல்
சூழல்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்
பைதான் -எம் பிப் இன்ஸ்டால் பைஇன்ஸ்டாலர்
பைதான் பில்.பை

இந்தத் தனிச் சூழல், அதாவது மெய்நிகர் சூழல், எதற்கு என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. பல நாள் பயன்படுத்திய பைதானில் எத்தனையோ நூலகங்கள் நிறுவப்பட்டிருக்கும். நிரல் அழைக்கும் மாட்யூல்களைப் பைஇன்ஸ்டாலர் தேடிச் செல்கையில், ஒரு நூலகம் விருப்பத்தின்பேரில் அழைக்கும் மற்றொரு நூலகமும் கண்ணில் பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளும். பத்து மெகாபைட்டை ஒட்டி முடிய வேண்டிய பில் நிரல் சில நூறு மெகாபைட்டாக வீங்குவது இப்படித்தான். பல நூலகங்களோடு சேர்ந்து வரும் பைதான் தொகுப்பான அனகோண்டா வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. போதாக்குறைக்கு, அங்கே பாத்லிப் என்ற பெயரில் பழைய தனி நூலகம் ஒன்று நிறுவப்பட்டிருந்தால், பைஇன்ஸ்டாலர் வேலையைத் தொடங்கவே மறுக்கும்.

நான்காவது கட்டளை தேவையற்றதாகத் தோன்றும். ஆனால் அதை விட்டுவிடக் கூடாது. புதிய சூழலில் நிரல் ஓடவில்லையென்றால் ஏதோ ஒரு நூலகம் அங்கே இல்லை என்று பொருள். அதை இப்போதே பிப் மூலம் நிறுவிக்கொள்ளலாம். பொதி கட்டிய பிறகு அதே குறை தெரியவந்தால், பிழை நிரலிலா, சூழலிலா, பைஇன்ஸ்டாலரிலா என்று மூன்று இடங்களில் தேட வேண்டியிருக்கும்.

பவர்ஷெல்லில் ஆக்டிவேட் கட்டளை பாதுகாப்புக் கொள்கையைக் காட்டி மறுத்தால், பழைய கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து அங்கே செய்யுங்கள். இதற்காகக் கணினியின் கொள்கையைத் தளர்த்த வேண்டியதில்லை.

3. கோப்புகளின் இடத்தைத் தீர்மானித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஓபன்("விலை.சிஎஸ்வி") என்று எழுதினால், பைதான் அக்கோப்பை நிரல் இருக்கும் இடத்தில் தேடுவதில்லை, அப்போதைய பணிக் கோப்புறையில் தேடுகிறது. எடிட்டரில் ஓட்டும்போது பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. வேறொரு கோப்புறையில் நிற்கும் கட்டளைச் சாளரத்திலிருந்து எக்ஸியை அழைத்தாலோ, தொடக்க இடம் மாறிய குறுக்குவழி ஒன்றின் மூலம் திறந்தாலோ, கோப்பு இல்லை என்ற பிழை வரும்.

இதைச் சரிசெய்யுமுன், நிரல் தொடும் கோப்புகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பயனர் ஒருபோதும் மாற்றாத கோப்புகள் முதல் வகை. நம் எடுத்துக்காட்டில் உதவி.டிஎக்ஸ்டி. பயனர் அவ்வப்போது திருத்தும் கோப்புகள் இரண்டாம் வகை; விலை.சிஎஸ்வி. நிரலே எழுதும் கோப்புகள் மூன்றாம் வகை, விற்பனை.சிஎஸ்வி. முதல் வகை மட்டுமே பொதிக்குள் போக வேண்டும். மற்ற இரண்டும் எக்ஸி கோப்புக்குப் பக்கத்தில் வெளியே இருக்க வேண்டும்.

விலைப்பட்டியலையும் பொதிக்குள் திணித்துவிடும் வழக்கம் புதியவர்களிடம் பரவலாக இருக்கிறது. ஒரே கோப்பாக அனுப்புவது அழகாகத் தெரிகிறது. பருப்பு விலை ஏறும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் உங்களைத் தொலைபேசியில் அழைத்துப் புதிய எக்ஸி கேட்பார் என்பது அப்போது தோன்றுவதில்லை.

மூன்றாம் வகையில் செய்யும் தவறு இதைவிடக் கொடியது. ஒற்றைக்கோப்புப் பொதி திறக்கும்போதெல்லாம், தன் உள்ளடக்கத்தை விண்டோஸின் தற்காலிகக் கோப்புறைக்குள் எம்இஐ என்ற எழுத்துகளைப் பெயரில் கொண்ட ஓர் இடத்தில் விரித்து, முடிந்ததும் அவ்விடத்தை அழித்துவிடும். நிரலின் இடம் என்று எண்ணி அங்கே விற்பனைக் கணக்கை எழுதினால், நிரல் ஓடும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். மூடியவுடன் அன்றைய கணக்கு முழுவதும் மறைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

ஆகவே நிரலின் தொடக்கத்தில், சிஸ் மாட்யூலையும் பாத்லிப் மாட்யூலிலுள்ள பாத்தையும் இம்போர்ட் செய்துவிட்டு, இரண்டு இடங்களைத் தனித்தனியாக வரையறுத்துக்கொள்ளுங்கள்:

உள்ளிடம் = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரண்ட்
இஃப் கெட்ஆட்டர்(சிஸ், "ஃப்ரோஸன்", ஃபால்ஸ்):
    வெளியிடம் = பாத்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்).ரிசால்வ்().பேரண்ட்
எல்ஸ்:
    வெளியிடம் = உள்ளிடம்

ஃபைல் மாறி பொதிக்குள் இருக்கையில் விரிக்கப்பட்ட இடத்தைக் காட்டும். எக்ஸிகியூட்டபிள் மாறி எக்ஸி கோப்பு உண்மையில் கிடக்கும் இடத்தைக் காட்டும். ஃப்ரோஸன் என்ற அடையாளத்தைப் பைஇன்ஸ்டாலர் பொதிக்குள் மட்டுமே அமைக்கிறது. இந்தச் சோதனை இல்லாமல் எக்ஸிகியூட்டபிள் மாறியை நேரடியாகப் பயன்படுத்தினால், சாதாரணமாக ஓட்டும்போது அது பைதான் நிறுவப்பட்ட கோப்புறையைக் காட்டிக் குழப்பும்.

இனி உதவிக் குறிப்பை உள்ளிடத்திலிருந்தும், விலையையும் விற்பனையையும் வெளியிடத்திலிருந்தும் திறக்குமாறு ஒவ்வொரு ஓபன் அழைப்பையும் மாற்றுங்கள். மாற்றி முடித்ததும், வேறொரு டிரைவுக்குச் சென்று அங்கிருந்து முழுப் பாதையைக் கொடுத்து பில்.பை கோப்பை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால்தான் இந்தப் படி முடிந்தது.

எக்ஸி கோப்பைப் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் வைக்க வேண்டாம் என்று பெறுபவரிடம் சொல்லுங்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுதும் அனுமதி இல்லாததால் விற்பனைக் கோப்பு உருவாகாது.

4. வெளியேறுதல், சாளரம் மூடுதல், தமிழ் எழுத்துகள்

நிரலில் எக்ஸிட்() அல்லது குவிட்() என்று வெறுமனே எழுதியிருந்தால், அதை சிஸ்.எக்ஸிட்() என்று மாற்றுங்கள். முதல் இரண்டும் சைட் என்ற மாட்யூல் ஏற்படுத்தித் தரும் வசதிகள். பொதிக்குள் அவை இருக்கும் என்ற உறுதியில்லை. எடிட்டரில் மாதக்கணக்கில் ஓடிய நிரல் பொதியில் மட்டும் பெயர்ப்பிழை காட்டி நிற்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

இருமுறை சொடுக்கித் திறந்த கன்சோல் சாளரம் நிரல் முடிந்த கணமே மூடிக்கொள்ளும். தொகையைப் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது என்று பயனர் சொல்வார். கடைசி வரியில் இன்புட்("முடிக்க எண்டர் அழுத்தவும்") என்று சேர்ப்பது பாதித் தீர்வுதான். நடுவில் பிழை ஏற்பட்டால் அந்த வரியை நிரல் எட்டாது. முதன்மைப் பணி முழுவதையும் ஒரு செயற்கூற்றுக்குள் வைத்து, அதை டிரை அமைப்பினுள் அழைத்து, பிழை வந்தால் டிரேஸ்பேக் மாட்யூலைக் கொண்டு அச்சிட்டுவிட்டு, ஃபைனலி பகுதியில் அந்த இன்புட் வரியை வையுங்கள். அப்போதுதான் பயனரால் பிழைச்செய்தியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப முடியும்.

தமிழ் எழுத்துகளைக் கையாளும் நிரலாக இருந்தால் இன்னொரு திருத்தமும் வேண்டும். ஓபன் அழைப்பில் என்கோடிங் குறிப்பிடாவிட்டால், விண்டோஸில் பைதான் அந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து ஒரு குறியேற்றத்தைத் தேர்ந்துகொள்ளலாம். உங்கள் கணினியில் சரியாகப் படித்த விலைப்பட்டியல் வேறொன்றில் சிதைந்து போவதற்கு அதுவே காரணம். படிக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்று குறிப்பிடுங்கள். எக்ஸெல் தன் யூடிஎஃப்-8 சிஎஸ்வி கோப்புகளின் தொடக்கத்தில் சேர்க்கும் மறைகுறியை அது நீக்கிவிடும், குறி இல்லாத கோப்பையும் சரியாகவே படிக்கும். எழுதும்போதும் என்கோடிங்கைத் தவறாமல் குறிப்பிடுங்கள். கன்சோலில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ கொம்பும் காலும் பிரிந்தோ தெரிந்தால், பெரும்பாலும் அது அந்தச் சாளரத்தின் எழுத்துருக் குறை. நிரலைத் திருத்தித் தீர்க்க முடியாது.

5. முதலில் கோப்புறைப் பொதி

இப்போதுதான் பைஇன்ஸ்டாலர். நேராக ஒற்றைக்கோப்புக்குப் போக வேண்டாம். முதலில் இதைக் கொடுங்கள்:

பைஇன்ஸ்டாலர் --ஒன்டிர் --கன்சோல் --நேம் மளிகைபில் --ஆட்-டேட்டா "உதவி.டிஎக்ஸ்டி:." பில்.பை

கட்டளையே அடையாளம் தெரியவில்லை என்று விண்டோஸ் சொன்னால், பைதான் -எம் பைஇன்ஸ்டாலர் என்று தொடங்குங்கள். அந்த வடிவத்தில் பெயரின் முதலெழுத்தும், பை என்பதை அடுத்து வரும் ஐ எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்; விண்டோஸிலும் பைதான் மாட்யூல் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கிறது.

ஆட்-டேட்டா தேர்வில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது மூலக் கோப்பு. பின்னால் இருப்பது பொதிக்குள் அது செல்ல வேண்டிய கோப்புறை. ஒற்றைப் புள்ளி என்றால் பொதியின் மேல்மட்டம். பின்னால் கோப்புப் பெயரையே மறுபடியும் எழுதுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்தப் பெயரில் ஒரு கோப்புறை உருவாகி, அதற்குள் கோப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய குறிப்புகளில் விண்டோஸுக்கு அரைப்புள்ளி இடச் சொல்லியிருக்கும், பைஇன்ஸ்டாலர் 6.0 முதல் எல்லா இயங்குதளங்களிலும் முக்காற்புள்ளி போதும்.

கட்டளை முடிந்ததும் பில்ட், டிஸ்ட் என்று இரண்டு கோப்புறைகளும், பொதி கட்டும் அமைப்புகளைக் கொண்ட, ஸ்பெக் என்று முடியும் ஒரு கோப்பும் தோன்றும். நமக்கு வேண்டியது டிஸ்ட் கோப்புறைக்குள் மட்டுமே இருக்கிறது. பில்ட் கோப்புறைக்குள்ளும் அதே பெயரில் ஓர் எக்ஸி காணப்படும். அது இடைநிலைக் கோப்பு. அதைத் திறந்தால் பைதான் டிஎல்எல்லை ஏற்ற முடியவில்லை என்ற பிழை வரும். எக்ஸி ஓடவில்லை என்று வருவோரிடம் நான் முதலில் கேட்பது எந்தக் கோப்புறையில் திறந்தீர்கள் என்பதைத்தான்.

டிஸ்ட்\மளிகைபில் கோப்புறைக்குள் எக்ஸியும், அதன் அருகே இன்டர்னல் என்ற துணைக் கோப்புறையும் இருக்கும். விலை.சிஎஸ்வி கோப்பை எக்ஸிக்குப் பக்கத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு, சொடுக்கித் திறக்காமல், கட்டளைச் சாளரத்திலிருந்து எக்ஸியின் பெயரைத் தட்டி ஓட்டுங்கள். பிழை வந்தாலும் செய்தி திரையில் நிற்கும்.

கோப்புறைப் பொதியை முதலில் கட்டச் சொல்வதற்குக் காரணம், உள்ளே என்ன போயிற்று என்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான். உதவி.டிஎக்ஸ்டி இன்டர்னல் கோப்புறையில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஒற்றைக்கோப்பில் இந்த வசதி கிடையாது.

6. விடுபட்ட மாட்யூல்கள்

மாட்யூல் கிடைக்கவில்லை என்ற பிழை வந்தால் பதற வேண்டாம். பைஇன்ஸ்டாலர் நிரலின் இம்போர்ட் வரிகளைப் படித்துத்தான் தேவைகளைக் கண்டறிகிறது. ஒரு நூலகம் ஓடும் நேரத்தில் பெயரைச் சரமாக அமைத்து மற்றொரு மாட்யூலை அழைத்தால், அது இந்தத் தேடலில் சிக்காது. பிழைச்செய்தியில் வரும் பெயரை அப்படியே எடுத்து, --ஹிடன்-இம்போர்ட் தேர்வுடன் கட்டளையில் சேர்த்து மறுபடியும் கட்டுங்கள்.

பில்ட் கோப்புறையில் வார்ன் என்று தொடங்கும் ஓர் உரைக்கோப்பு இருக்கும். அதில் கிடைக்காத மாட்யூல்களின் நீண்ட பட்டியலைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸுக்கு மட்டும் உரியவை அல்லது விருப்பத்தேர்வானவை. நிரல் ஓடினால் அந்தப் பட்டியலை மறந்துவிடலாம். ஓடாவிட்டால் மட்டும் பிழைச்செய்தியிலுள்ள பெயரை அதில் தேடுங்கள்.

மறுபடியும் கட்டும்போது அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், முந்தைய எக்ஸி எங்கோ திறந்தே இருக்கிறது. அதை மூடிவிட்டு, --கிளீன் தேர்வையும் சேர்த்துக் கட்டளையைக் கொடுங்கள்.

7. ஒற்றைக்கோப்பாக்குதல்

கோப்புறைப் பொதி குறையின்றி ஓடிய பிறகு, அதே கட்டளையில் --ஒன்டிர் என்பதை --ஒன்ஃபைல் என்று மாற்றுங்கள். வேறெதையும் மாற்றாதீர்கள், அப்போதுதான் புதிதாக ஏதேனும் கெட்டால் அது இந்த மாற்றத்தால் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஸ்பெக் கோப்பைத் திருத்தி, அதையே பைஇன்ஸ்டாலருக்குக் கொடுத்துக் கட்டுவதும் உண்டு. அவ்வாறு செய்கையில் ஒன்ஃபைல், நேம் போன்ற தேர்வுகளைக் கட்டளையில் தர முடியாது. அவை ஸ்பெக் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். மாறாக, பில்.பை பெயரைக் கொடுத்துக் கட்டினால் ஸ்பெக் கோப்பு புதிதாக எழுதப்பட்டு, உங்கள் திருத்தங்கள் அழிந்துவிடும். சிறு நிரலுக்குக் கட்டளையை ஒரு பேட் கோப்பில் (திறந்தால் உள்ளிருக்கும் கட்டளைகளை ஓட்டும் உரைக்கோப்பு) எழுதி வைத்துக்கொள்வதே போதும்.

கறுப்புச் சாளரம் அழகாக இல்லை என்று சிலர் --நோகன்சோல் தேர்வைச் சேர்க்கிறார்கள். கன்சோல் இல்லையென்றால் உள்ளீட்டுக்கு வழியே இல்லை. முதல் இன்புட் வரியிலேயே நிரல் நின்றுவிடும்.

ஒற்றைக்கோப்பு கட்டாயம் அன்று என்பது என் கருத்து. ஒவ்வொரு முறையும் உள்ளடக்கத்தை விரிக்க வேண்டியிருப்பதால் அது திறக்கச் சற்று நேரம் எடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். டாஸ்க் மேனேஜர் மூலம் நிறுத்தினால் தற்காலிகக் கோப்புறை அழியாமல் தங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். எப்படியும் விலைப்பட்டியல் என்னும் இன்னொரு கோப்பும் கூடவே போகிறதென்றால், முழுக் கோப்புறையையும் ஜிப் செய்து அனுப்புவதில் இழப்பு ஏதுமில்லை.

8. பைதான் இல்லாத கணினியில் சோதனை

உங்கள் கணினியில் ஓடியது என்பது சோதனை ஆகாது. அங்கே பைதானும் நூலகங்களும் மூலக் கோப்புகளும் இருக்கின்றன. முழுப் பாதையோடு எழுதிய ஒரு கோப்புப் பெயர் நிரலில் எங்கேனும் தங்கியிருந்தால், அது உங்களிடம் மட்டும் வேலை செய்யும்.

விண்டோஸ் 10, 11 இவற்றின் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் வசதியை இயக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் எதுவும் நிறுவப்படாத புதிய விண்டோஸை அது தரும். ஹோம் பதிப்பில் இது இல்லை. இல்லாதவர்கள் பைதான் தெரியாத நண்பரின் கணினியை நாடலாம்.

அங்கே நான்கு காரியங்களைச் செய்து பாருங்கள்: இருமுறை சொடுக்கித் திறப்பது, விலைப்பட்டியலில் ஒரு விலையை மாற்றிவிட்டுத் திறப்பது, இரண்டு பில் போட்டு மூடி, மறுபடி திறந்து, விற்பனைக் கோப்பில் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பது, விலைப்பட்டியலை வேண்டுமென்றே நீக்கிவிட்டுத் திறந்து, நிரல் என்ன சொல்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது சோதனை, தற்காலிகக் கோப்புறையில் எழுதும் பிழையைப் பிடித்துவிடும்.

9. அனுப்புதலும் வைரஸ் எச்சரிக்கையும்

ஜிமெயில் எக்ஸி கோப்புகளை இணைப்பாக ஏற்பதில்லை; ஜிப்புக்குள் வைத்தாலும் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள்.

பதிவிறக்கிய எக்ஸியை முதன்முறை திறக்கையில், விண்டோஸ் ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலநிற எச்சரிக்கை காட்டக்கூடும். கையொப்பமிடப்படாத, பலர் பதிவிறக்காத எந்தக் கோப்புக்கும் அது வரும். இதைப் பெறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பையே நீக்கிவிடுவது வேறு வகை. தீய நிரல்களை எழுதுவோரும் பைஇன்ஸ்டாலரைப் பயன்படுத்துவதால், அதன் தொடக்கப் பகுதியைச் சில மென்பொருள்கள் ஐயத்தோடு பார்க்கின்றன. தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் ஒற்றைக்கோப்பு இதில் அதிகம் சிக்குகிறது. யூபிஎக்ஸ் சுருக்கியைப் பயன்படுத்தியிருந்தால் --நோயூபிஎக்ஸ் கொடுத்து விலக்குங்கள். பைஇன்ஸ்டாலரைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் தொல்லை தீராவிட்டால் கோப்புறைப் பொதிக்குத் திரும்புங்கள். பெறுபவரிடம் வைரஸ் தடுப்பை அணைத்துவிடச் சொல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

பொதிக்குள் இருப்பது பைட்கோடு, அதாவது பைதான் இயக்கி ஓட்டுவதற்கேற்ப மாற்றப்பட்ட நிரல் வடிவம். பைதான் அறிந்தவர் அதைப் பிரித்து நிரலின் பெரும்பகுதியை மீட்டெடுக்க முடியும். கடவுச்சொல்லையோ கட்டணச் சேவையின் சாவியையோ நிரலுக்குள் எழுதி வைத்திருந்தால், அனுப்புமுன் நீக்கிவிடுங்கள்.

கோப்புறையின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, அதே எண்ணை நிரலின் முதல் வரியிலும் அச்சிடுங்கள். திருத்திய பதிப்பை அனுப்பும்போது எக்ஸியையும் இன்டர்னல் கோப்புறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும், விலை.சிஎஸ்வி, விற்பனை.சிஎஸ்வி இரண்டையும் தொடக் கூடாது என்று ஒரு வரிக் குறிப்பையும் உடன் வையுங்கள். புதிய ஜிப்பில் உங்கள் சோதனை விற்பனைக் கோப்பு தங்கியிருந்து, அதைக் கடைக்காரர் பழைய கோப்புறையின் மேலேயே விரித்தால், அவருடைய கணக்கு அழிந்துவிடும். ஜிப் செய்யுமுன் அதை நீக்கியாயிற்றா என்று பாருங்கள்.